சீட்டில் எடுத்த முதலிடம்

ஒத்தக்கடையில் காலையில் கம்பெனி வேனில் ஏறினால் ரிங் ரோடு வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு கப்பலூர் தொழிற்பேட்டையில் போய் இறங்குவேன். ரப்பர் பாகங்கள் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் வேலை. வழியில் அவனியாபுரம் திருப்பத்தில் முன்பெல்லாம் வேன் ஒரு நிமிடம் நிற்கும். இப்போது அங்கே ஏற ஆள் இல்லை. ஆனாலும் ஓட்டுநர் பழக்கத்தில் வேகத்தைக் குறைக்கிறார், பிறகு நினைவு வந்து மறுபடி அழுத்துகிறார். அந்த இடைவெளியில் நான் ஜன்னல் வழியே பார்ப்பேன். பஞ்சர் கடை, லேத் பட்டறை, ஷேர் ஆட்டோக்கள், டீ குடித்துக்கொண்டு நிற்கும் ஆட்கள். எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். அந்த வரிசையில் ஓர் ஆள் குறைகிறார்.

அவனியாபுரத்தில் ஏறும் அந்த அக்கா எங்கள் டிரிம்மிங் பிரிவில் இருந்தார். அச்சிலிருந்து வெளிவரும் ரப்பர் வளையத்தின் ஓரத்தில் மெல்லிய தோல் போலப் பிசிறு ஒட்டியிருக்கும். அதைச் சிறிய கத்தரிக்கோலால் சுற்றி வெட்டி எடுக்க வேண்டும். கொஞ்சம் உள்ளே வெட்டினால் வளையம் பாழ். பிசிறை விட்டுவிட்டால் பொருத்திய இடத்தில் எண்ணெய் கசியும். நீண்ட மேசையின் இரண்டு பக்கமும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து இந்த வேலையைச் செய்வார்கள். வெட்டியதை ஆளுக்கொரு டிரேயில் போடுவார்கள். மாலையில் டிரேக்களை எடை போட்டு, அவரவர் பெயருக்கு நேராகப் போர்டில் எழுதுவோம்.

அலுவலக ஆட்கள் சாப்பிடத் தனி அறை உண்டு. அங்கே எல்லோரும் போனைப் பார்த்தபடி சாப்பிடுவார்கள். நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அந்த அறை வாசலில் அக்கா வந்து நின்றார்.

"மேடம், இந்த ரூம்புக்குள்ள ஒத்தையில உக்காந்து என்னத்தத் திங்கிறீக. அங்கிட்டு வாங்க."

டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். கத்தரிக்கோல்களை ஓரமாகத் தள்ளி, மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்திருந்தார்கள். யாருடைய டப்பா யாரிடம் இருக்கிறது என்று சொல்ல முடியாத சாப்பாடு அது. என் அம்மா செய்த வெண்டைக்காய் என் கண் முன்னாலேயே மூன்றாவது ஆளிடம் போய்ச் சேர்ந்தது, எனக்கு எங்கிருந்தோ கருவாட்டுத் தொக்கு வந்தது. அன்றைக்குச் சாப்பாடு முடிவதற்குள் மேடம் போய் 'புள்ள' வந்துவிட்டது. அதன்பிறகு அந்தத் தனி அறைக்கு நான் போகவே இல்லை.

போன வருடம் எங்கள் முதலாளி ஒரு ஆலோசகரை அழைத்து வந்தார். கல்லூரியில் மேலாண்மை சொல்லிக்கொடுப்பவர், மாதம் ஒரு முறை வருவார். மரியாதையான மனிதர், வாட்ச்மேனிடம்கூட வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். டிரிம்மிங்கில் வேலை மெதுவாக நடக்கிறது என்று முதலாளிக்குக் குறை. ஆலோசகர் ஒரு திட்டம் சொன்னார். மாதத்தில் யார் அதிக எடை வெட்டுகிறாரோ, அவருக்கு அடுத்த மாதம் அவர் கேட்கும் நாளில் சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்பு.

வெளியிலிருந்து பார்த்தால் சின்னப் பரிசுதான். ஆனால் எங்கள் இடத்தில் வருகைப் படி என்று ஒன்று உண்டு. மாதம் முழுக்க வந்தால்தான் அது கிடைக்கும். ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும் முழுவதும் போய்விடும். அந்தப் படியை நம்பித்தான் பாதிப் பேர் வீட்டு வாடகை கொடுக்கிறார்கள். படி போகாமல் கிடைக்கும் ஒரு நாளுக்கு அந்த மேசையில் பெரிய மதிப்பு இருந்தது.

நான் கல்லூரியில் படித்ததும் இதே பாடம்தான். பரிசு ஒன்று, ஆட்கள் பலர். ஒவ்வொருவரும் அதைத் தனக்கே வேண்டுவார்கள், அதனால் எல்லோருடைய வேகமும் கூடும். பாடத்தில் வரும் அந்த ஆட்களுக்கு முகம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

திட்டத்தை அறிவித்த அன்று மதியம், மேசையில் வயதில் மூத்தவரும் எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுபவருமான பெண் ரசத்தை ஊற்றிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

"லீவு ஒருத்திக்குத்தேன் தருவாகளாம். அதுக்கு இம்புட்டுப் பேரும் ஓடணுமாம்."

"ஓடுனா யாரு ஜெயிப்பா? இந்தா இருக்காளே, இவதேன் ஜெயிப்பா, மாசாமாசம்." எதிரே இருந்தவர் அவனியாபுரத்து அக்காவைக் காட்டினார். உண்மைதான், அக்காவின் கைதான் அந்த மேசையில் வேகம்.

"நான் மட்டும் வீட்ல உக்காந்து மோட்டுவளையப் பாக்கவா," என்றார் அக்கா. "சீட்டுப் போட்ருவோம்."

அவர்களுக்குள் ஏற்கெனவே பாத்திரச் சீட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மாதம் ஒருவருக்குக் குக்கரோ அண்டாவோ, எல்லோரும் சேர்ந்து வாங்கிக் கொடுப்பார்கள். குலுக்கி எடுத்த வரிசைப்படி முறை வரும். இடையில் யாருக்காவது அவசரம் என்றால் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். அதே ஏற்பாட்டை முதலிடத்துக்கும் வைத்தார்கள். அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பெயர் எழுதி, டிபன் மூடியில் போட்டுக் குலுக்கினார்கள். என்னை எடுக்கச் சொன்னார்கள். எனக்கு அதில் பங்கு இல்லாததால் நான்தான் பொது ஆள். ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பெயரைப் படித்தேன். என் பெயர் அதில் இருக்காது என்று தெரிந்துதான் எடுத்தேன். ஆனாலும் கடைசித் துண்டைப் பிரிக்கும்போது சின்னதாக ஓர் எதிர்பார்ப்பு இருந்தது.

அந்த மாதம் யார் முறையோ அவர் டிரேயில் மற்றவர்கள் போகிற போக்கில் ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டுவிடுவார்கள். மறைக்கக்கூட இல்லை. பார்ப்பவர்களுக்கு அது ஒருவர் இலையில் இன்னொருவர் கூட்டு வைப்பது மாதிரி இருக்கும். கிடைத்த விடுப்புகள் எதெதற்கோ போயின. காதுகுத்து, கண் ஆபரேஷன், பள்ளியில் குழந்தையை முதல் நாள் விடுவது. ஒருவர் எங்கும் போகாமல் நாள் முழுக்கத் தூங்கிவிட்டு வந்து, "நல்லாத் தூங்குனேன், அம்புட்டுதேன்" என்றார். எல்லா விடுப்புகளிலும் அதைத்தான் மேசை அதிகம் மெச்சியது.

இன்னொன்றும் நடந்தது. மொத்த எடை கூடியது, நான் கழித்துப் போடும் பழுதுகள் குறைந்தன. ஏன் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. தன் முறை இல்லாத மாதத்தில் யாருக்கும் தன் டிரேயைப் பற்றிப் பதற்றம் இல்லை. கை வலித்தால் கொஞ்சம் நிதானமாக வெட்டலாம். நிதானமாக வெட்டியது பழுதாகாது. என்னால் இவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

அக்காவின் முறை முன்பே வந்திருக்க வேண்டியது. இரண்டு தடவை விட்டுக்கொடுத்தார். அவருக்கு ஒரே மகள், பள்ளியில் படிக்கும் பெண், வாலிபால் நன்றாக ஆடுவாள். தேர்வாகி, மேற்கே இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஊரில் விளையாட்டு விடுதியில் சேர்ந்திருந்தாள். பெற்றோர் இரண்டாம் சனிக்கிழமைதான் வந்து பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டிக்கு வெளியூர் அழைத்துப் போய்விடுவார்கள். எங்களுக்கோ சனிக்கிழமை வேலை நாள். அக்காவின் கணவர் லாரி ஓட்டுகிறவர், எந்த வாரம் எந்த மாநிலத்தில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. விடுதியில் சேர்த்த பிறகு மகளை அக்கா பார்க்கவே இல்லை. விடுமுறையில் வருவாள் என்று இருந்தார், விடுமுறையிலும் பயிற்சி முகாம் போட்டுவிட்டார்கள்.

கடைசியில் ஒரு மாதம் அக்கா தன் முறையை எடுத்துக்கொண்டார். மேசை முழுவதும் அவர் டிரேயை நிரப்பியது. போர்டில் முதலாவதாக அவர் பெயர் வந்தது. அடுத்த மாதத்து இரண்டாம் சனிக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தார். அதன்பின் மதியப் பேச்சு முழுவதும் என்ன கொண்டுபோவது என்பதைப் பற்றித்தான்.

"முறுக்கு கொண்டு போ. நொறுங்காம இருக்கும்."

"விடுதியில பிள்ளைக அம்புட்டும் பிடுங்கிரும். ரெண்டு தூக்கு கொண்டு போகணும்."

"வெளையாடுற பிள்ள, முட்டைய அவிச்சுக் கொண்டு போடி."

"பஸ்ஸுல முட்டை நாறுமே," என்றார் அக்கா, நிஜமாகவே கவலைப்பட்டு.

விடுப்பு எடுக்க வேண்டிய அந்த மாதத்தின் முதல் வாரத்தில் ஆலோசகர் வந்தார். முதலாளி அறையில் எடைகளைத் திரையில் போட்டு விளக்கினார். நானும் இருந்தேன்.

"பாருங்க சார், அநேகமா ஒவ்வொருத்தரும் ஒரு மாசம் முதலிடம் வந்திருக்காங்க. அப்ப அந்த அளவு தன்னால முடியும்னு அவங்களே காட்டிட்டாங்க. அடுத்த மாசமே பாதியா இறங்கிர்றாங்க. முடிஞ்சும் செய்யலைன்னுதானே அர்த்தம்."

கணக்கில் பிழை இல்லை. ஒரு டிரேயில் விழுவதெல்லாம் ஒரே ஆள் வெட்டியது என்று எடுத்துக்கொண்டால் அவர் சொன்னதுதான் சரி. அவரவரின் அதிகபட்ச அளவையே இனி அவரவருக்குக் கட்டாய அளவாக வைக்கலாம், எட்டாதவர்களுக்கு வருகைப் படி கிடையாது என்று முடிவானது. திங்கட்கிழமை நோட்டீஸ் ஒட்டி எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கு முன் நான் ஸ்டாப்வாட்ச் வைத்துச் சரிபார்த்துத் தர வேண்டும்.

மதியம் மேசையில் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள்.

"அவுக சொல்றது சரிதானே. ஒவ்வொருத்தியும் ஒரு மாசம் மலையப் பொரட்டி இருக்கோம்ல."

"மலைய ஒருத்தியா பொரட்டுனா? தெருவே சேந்துல்ல தள்ளுச்சு."

பிறகு சிரிப்பு நின்றது. அந்த அளவு தனி ஆள் கைக்கு எட்டாது. நோட்டீஸ் ஒட்டினால் மாதாமாதம் எல்லோருக்கும் படி போகும். உண்மையைச் சொன்னால் நோட்டீஸ் வராது, ஆனால் அக்காவின் முதலிடம் பொய் என்றாகிவிடும், சனிக்கிழமை போய்விடும்.

"ரெண்டாஞ்சனி கழியட்டும்," என்றார் ஒருவர். "அக்கா பிள்ளையப் பாத்துட்டு வரட்டும். அப்பறமா சொல்லுவோம்."

"திங்கக்கெழமை ஒட்டிருவாங்கக்கா," என்றேன். "கையெழுத்து வாங்கிட்டாங்கன்னா அப்பறம் மாத்துறது கஷ்டம்."

யாரும் அக்காவைப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு டப்பாவைப் பார்த்தோம்.

"ஏத்தா, நீ வாயத் தொற," என்றார் பெரியக்கா.

அக்கா கடைசிப் பருக்கைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். "என்னத்தச் சொல்ல. நான் ஒரு நாளு போறதுக்கு நீங்க அம்புட்டுப் பேரும் மாசாமாசம் படிய விடுவீகளா?"

"அதுக்கில்ல ஆத்தா..."

"அதுக்குத்தேன். டப்பாவக் கழுவுங்க, மணி அடிச்சிருவான்." என் பக்கம் திரும்பினார். "புள்ள, நீயும் கூட வா. எனக்குப் பேச வரும். அந்த சாரு இங்கிலீசுல எதாச்சும் கேட்டா நீ சொல்லு."

எங்கள் இடத்தில் அலுவலக ஆட்கள் முதலாளியை சார் என்போம். டிரிம்மிங் பெண்கள் அண்ணே என்பார்கள். திருமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து ரப்பரை அச்சில் அழுத்தும் ஒரே ஒரு பிரஸ்ஸோடு தொழில் தொடங்கியவர். அந்தப் பெண்களில் சிலர் அப்போதிலிருந்தே கூட இருப்பவர்கள். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மன்னிப்பும் கேட்கவில்லை, சவாலும் விடவில்லை, கரண்ட் போனதைச் சொல்வது மாதிரிச் சொன்னார்.

முதலாளி அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே அண்ணேன்னு கூப்புட்டுக்கிட்டே இத்தன மாசமா என்னைய வேடிக்கை பாத்திருக்கீக."

"வேடிக்கை எங்கண்ணே பாத்தோம். வேலையத்தானே பாத்தோம்."

நான் கொண்டுபோயிருந்த தாள்களை மேசையில் வைத்தேன். திட்டத்துக்கு முன்னால் இருந்த எடை, பின்னால் வந்த எடை, பழுதுகள். ஆலோசகர் அவற்றை எடுத்து நிதானமாகப் பார்த்தார். அவரைப் பற்றி நான் நினைத்திருந்ததைவிட அவர் நேர்மையானவர்.

"சார், என் அனுமானம்தான் தப்பு," என்றார். "ஆனா திட்டம் வேலை செஞ்சிருக்கு. நான் நெனச்ச காரணத்துக்காக இல்ல, அவ்வளவுதான். உங்களுக்கு லாபம்தான். அப்படியே விட்றலாம்."

"நீங்க காலேஜுக்குப் போயிருவீங்க சார். நான் தெனம் இவுக மொகத்துல முழிக்கணும்." தாள்களை முதலாளி தொடவே இல்லை. "நட்டம் இல்லைன்னு எனக்கும் தெரியுது. நான் ஒண்ணு சொல்லி இவுக ஒண்ணு செஞ்சா இது யாரு கம்பெனி?"

"சார், இந்த ஒரு சனிக்கிழமை மட்டும் அக்காவுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அது ஜெயிச்சு வாங்குன லீவு இல்லையேம்மா."

நிறுவனம் என்று பாடத்தில் ஒன்று வரும். தன் லாபத்தைக் கூட்டிக்கொள்ளவே எப்போதும் விரும்பும். அதற்குக் கோபம் வராது, மனம் நோகாது. எங்கள் நிறுவனம் அன்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தது, துடைத்த பிறகும் மாட்டிக்கொள்ளவில்லை. அவர்மீது எனக்குக் கோபம் வந்தது. கூடவே, அந்த அண்ணே என்ற சொல்லை அவர் எவ்வளவு நம்பியிருந்தார் என்றும் தோன்றியது. படித்த இரண்டு பேர், ஆலோசகரும் நானும், சரியான எண்களோடு அவர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

புது அளவு வரவில்லை. பரிசும் நின்றது, அக்காவின் விடுப்பும் போனது. அந்த வாரமே நீண்ட மேசையை எடுத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி தனித்தனி மேசைகள் போட்டார்கள். அவற்றைப் புதிதாகச் செய்து வாங்கினார்கள். பழுதுகள் மறுபடி கூடின. அதையும் நான் அறிக்கையில் எழுதினேன். எழுதியதைப் படித்துக் கையெழுத்துப் போட்டார் முதலாளி.

இரண்டாம் சனிக்கிழமை அக்கா வேலைக்கு வந்தார். சுவர்ப் பக்கம் திரும்பி வெட்டிக்கொண்டிருந்தார். நான் மாதிரி எடுக்கப் போனபோது தலையைத் திருப்பாமல், "இந்நேரம் கேட்டத் தொறந்திருப்பாக" என்றார். அன்று அவர் டிரேயில் எடுத்த வளையங்களில் ஒன்றுகூடப் பழுதில்லை. பழுது இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மாதம் முடிந்ததும் வேலையை விட்டார். மகள் இருக்கும் ஊரிலேயே ஒரு மெஸ்ஸில் சமையல் உதவிக்கு ஆள் வேண்டுமாம், சனிக்கிழமை மதியம் விட்டுவிடுவார்களாம். வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னார். என் மனம் தானாகவே இரண்டு பக்கமும் எழுதத் தொடங்கியது. ஒரு பக்கம்: சம்பளம் குறைவு, புது ஊரில் அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடிக்க வேண்டும், உறவென்று யாரும் இல்லை, கணவருக்குப் பிடிக்கவில்லை, மகள் இன்னும் கொஞ்ச வருடத்தில் வேறு ஊருக்குப் போய்விடுவாள். மறு பக்கம் ஒரே வரி.

"நல்லா யோசிச்சீங்களாக்கா?"

"யோசிச்சா போக மாட்டேன்ல," என்றார். "அதேன் யோசிக்கல."

திருப்பத்தில் வேன் நின்றது. "வாரேன் புள்ள" என்று சொல்லி இறங்கினார். தினமும் சொல்வதுதான்.

இப்போதும் மதியம் பெண்களோடுதான் சாப்பிடுகிறேன். ஆனால் மேசை இல்லை. ஆளுக்கொரு இடத்தில் இருந்து எழுந்து வந்து தரையில் உட்கார்கிறோம், இருவர் மூவராகப் பிரிந்துவிடுகிறோம். டப்பாக்கள் கை மாறுவது குறைந்துவிட்டது. பாத்திரச் சீட்டு நடக்கிறது, அதில் போன மாதம் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பெரியக்காதான், "ஒரு ஆளு கொறையுதுல்ல, நீ போடு" என்றார். முன்பு நான் எவ்வளவோ விரும்பியது அது. அக்காவின் இடத்தில் என் பெயரை எழுதினார்கள்.

போன இரண்டாம் சனிக்கிழமை மதியம் அக்காவிடமிருந்து போன் வந்தது. பிரஸ் சத்தத்தில் காது கேட்காமல் வெளியே வேப்பமரத்தடிக்கு ஓடினேன்.

"பாத்துட்டேன் புள்ள. இப்பத்தேன் உள்ள போறா."

"என்னக்கா பேசுனா?"

"என்னத்தப் பேசுனா. புளிச்சோத்துல உப்புக் கூடங்குறா. நின்னுக்கிட்டே தின்னா, கூட்டாளிக கூப்பிடவும் ஓடிட்டா."

"அவ்வளவுதானா?"

"அம்புட்டுதேன். ஒசந்துட்டா. எங்கழுத்து வரைக்கும் இருந்தவ, இப்ப நான் அண்ணாந்து பாக்கணும்."

பின்னால் பிள்ளைகளின் கூச்சலும் ஒரு விசில் சத்தமும் கேட்டன. இந்தப் பக்கம் எப்பக்கா வருவீங்க என்று கேட்க வாயெடுத்தேன். மகளின் ஆட்டம் தொடங்கப் போகிறது, வேலி ஓரமாக நின்று பார்க்கலாமாம், சில பேர் அப்படித்தான் பார்க்கிறார்களாம் என்று அவசரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போய்ப் பாருங்கக்கா," என்றேன்.